பேசாதவனுக்கு லாக்டவுன் ஒண்ணும் பண்ணாதுன்னாங்க

2020 மார்ச் கடைசில எங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மீம் சுத்துச்சு. பாதி படத்துல லாக்டவுன் தாங்காம சுவத்துல முட்டிக்கற ஆளு, மீதி பாதில லாக்டவுன் போட்டதே தெரியாம போர்வைய போத்திட்டு டீ குடிக்கற ஆளு. அந்த ரெண்டாவது ஆளு மேல யாரோ என் பேரை எழுதி விட்டிருந்தாங்க. பதினோரு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தாங்க, நானும் ஒண்ணு போட்டேன். உண்மைய சொன்னா கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு, ஊரே எதுக்கு அழுவுதோ அது எனக்கு சும்மா கிடைக்குதேன்னு.

நான் சின்னதுல இருந்தே அப்படித்தான். எங்க அமுச்சி, அம்மாவப் பெத்தவங்க, என்னய ஊமக்கோட்டான்னுதான் கூப்புடும். விசேஷத்துக்கு போனா சாப்ட்டு மொய் எழுதிட்டு செருப்ப தேடற ஆளு. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்கற பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் திட்டு வாங்கற வேலை, ஆனா அந்த திட்டெல்லாம் பாதிக்கு மேல மெயில்லயே வந்துரும், அதனால எனக்கு அது செட் ஆயிருச்சு.

எங்கக்கா வீட்டுக்காரர், மாமா, எனக்கு நேர் எதிர். பல்லடம் பக்கம் 16 தறி ஓட்டறாரு. தறிச் சத்தத்துலயே வளந்ததால மெதுவா பேசத் தெரியாது. சாயங்காலம் 7 மணிக்கு மேல அவருக்குன்னு ஒரு செட்டு உண்டு, ஆறு பேரு, டாஸ்மாக் பார்ல ஒரு மூலை டேபிள் அவங்க பேருக்கு பட்டா போட்ட மாதிரி. வாரத்துல ஆறு நாள். அக்கா கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதுக்குத்தான் சண்டை. லாக்டவுன்னு சொன்னதும் எங்க குடும்பத்துல எல்லாரும் கவலப்பட்டது மாமாவ நெனச்சுத்தான். "அந்த மனுசன் குடிக்காம பைத்தியமாயிருவாரு"ன்னு அம்மா சொல்லுச்சு. என்னயப் பத்தி யாரும் கவலப்படல. அவனுக்கென்ன, ரூமுக்குள்ள விட்டு பூட்டுனாலும் சாவியக் கேக்க மாட்டான்.

இந்தக் கதைல ஆளு மாறிப்போச்சு. அதத்தான் எழுத வந்தேன். நாலஞ்சு வருசமா எழுதணும்னு நெனச்சு எழுதாம விட்டது.

மார்ச் 16, 17 வாக்குல ஸ்கூல் லீவு விட்டாங்கல்ல, அப்பவே வீட்டுக்காரம்மா பாப்பாவ கூட்டிட்டு கோபிக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. பத்து நாள்ல வந்துரலாம்னுதான். 22ஆம் தேதி ஞாயித்துக்கிழமை எல்லாரும் கை தட்டுனோம், 24ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டுல 144, அன்னைக்கு ராத்திரியே நாடு முழுக்க பூட்டு. கோபி ஈரோடு மாவட்டம், நான் திருப்பூர் மாவட்டம். சாதாரண நாள்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். இ-பாஸ் கேட்டா கல்யாணமா, சாவா, வைத்தியமான்னு மூணு காரணம்தான். பொண்டாட்டியப் பாக்கணும்னு ஒரு காரணம் அந்த லிஸ்ட்ல இல்ல.

24ஆம் தேதி மத்தியானம் பால் வாங்க வெளிய போனப்போ டாஸ்மாக் முன்னாடி ரோட்டுக்கே வர்ற அளவுக்கு கூட்டம். நான் குடிக்கவே மாட்டேன்னு இல்ல, வருசத்துல மூணு நாலு தடவ, பையர் வந்துட்டுப் போனா கம்பெனி செலவுல ஒரு பீரு. அவ்ளோதான். ஆனா எல்லாரும் வாங்கறத பாத்தா நமக்கும் வாங்கணும்னு தோணும்ல, அன்னைக்கு அரிசி பருப்ப அப்படித்தான் வாங்குனோம், அதே மாதிரி மூணு குவார்ட்டர் வாங்கிட்டு வந்துட்டேன். எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல.

மொதல் வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சப்போ மெயில் வர ஆரம்பிச்சுது. ஐரோப்பால கடையெல்லாம் மூடிட்டாங்க, ஆர்டர் ஹோல்டு. ஹோல்டுன்னா கேன்சலுக்கு மரியாதையான பேரு, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பேக்கிங் முடிஞ்சு பெட்டில கிடக்கற சரக்கு, டையிங்ல நிக்கற துணி, கட் பண்ணி பண்டல் கட்டி வெச்ச பீஸு, எல்லாம் அப்படியே. சம்பளம் பாதின்னு சொல்லிட்டாங்க. வேலை போகுமா இருக்குமான்னு கேக்க ஒரு ஆளு இல்ல. கேக்கணும்னு எனக்கு தோணவும் இல்ல, அதுதான் என் சுபாவம், எதையும் உள்ளயே போட்டு உருட்டறது. உருட்டி உருட்டி ராத்திரி ரெண்டு மணி ஆகும், தூக்கம் வராது. அப்பத்தான் பீரோ மேல இருந்த மூணு குவார்ட்டர் ஞாபகம் வந்துச்சு.

நான் பாசத்துக்காகவோ ஜாலிக்காகவோ குடிக்கல. தூக்கத்துக்கு மருந்து மாதிரி. தினம் ராத்திரி 9 மணிக்கு கோபில இருந்து போன் வரும். சாப்டீங்களா, சாப்டேன். என்ன சாப்டீங்க, தோசை. பாப்பா கொஞ்ச நேரம் பேசும். 9.10க்கு போன வெச்சுருவோம். 9.15க்கு கிளாஸ். இந்த டைம்டேபிள நான் ஒரு நாள்கூட மீறல. ஷிப்மெண்ட் தேதிய இவ்ளோ ஒழுங்கா காப்பாத்தியிருந்தா கம்பெனில எனக்கு ப்ரமோஷன் குடுத்திருப்பாங்க.

மாஸ்டரப் பத்தி சொல்லணும்.

எங்க காம்பவுண்ட்ல ஆறு வீடு. நாலு வீடு பூட்டிக் கிடந்துச்சு, அவங்கவங்க ஊருக்கு போயிட்டாங்க. மிச்சம் நானும், கேட்டுகிட்ட இருக்கற வீட்டுல ஒரு கட்டிங் மாஸ்டரும். அம்பது வயசுக்கு மேல இருக்கும், ஒண்டிக்கட்டை, வேற ஒரு கம்பெனி. நாலு வருசம் ஒரே காம்பவுண்ட்ல இருந்தும் தண்ணி மோட்டார் போடறதப் பத்தி தவிர நாங்க பேசுனதில்ல. அவரு குடிப்பாருன்னு தெரியும். காலைல வேலைக்குப் போறப்பவே வாடை வரும், ஆனா கை ஒரு நூல் பிசகாதுன்னு அவங்க கம்பெனி ஆளுங்க சொல்லுவாங்க.

ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கா, ராத்திரி 9 மணிக்கு 9 நிமிசம் லைட்ட அணைச்சுட்டு விளக்கு ஏத்தச் சொன்னது. நானும் லைட்ட அணைச்சுட்டு வாசல்ல போன் டார்ச்ச பிடிச்சுட்டு நின்னேன், போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்னு. தெரு முழுக்க இருட்டு. அப்ப மாஸ்டர் வீட்டுல இருந்து ஒரு சத்தம். கூப்படற சத்தம் இல்ல, யாரையோ அதட்டற மாதிரி. கதவு திறந்தேதான் இருந்துச்சு. உள்ள போனா தரைல முட்டி போட்டு உக்காந்துட்டு ரெண்டு கையாலயும் தரையத் தேய்ச்சுட்டே இருக்காரு. சட்டை முழுக்க வேர்வை, கை நடுங்குது. என்னயப் பாத்தாரு, ஆனா என்னயப் பாக்கல. "தம்பி அந்த மூலையப் பிடிங்க, துணி இழுக்குது"ன்னாரு.

அவரு லே போட்டுட்டு இருக்காரு, கட்டிங்குக்கு துணிய அடுக்கடுக்கா விரிக்கற வேலை. இல்லாத டேபிள்ல இல்லாத துணிய விரிச்சு, சுருக்கம் எடுத்து, அடுத்த லேய மேல இழுத்து. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. 108க்கு அடிச்சேன். வர்ற வரைக்கும் நானும் முட்டி போட்டு உக்காந்து அந்த மூலையப் பிடிச்சுட்டு இருந்தேன். விட்டா கத்துனாரு. முப்பது நிமிசம் இருக்கும். நடுவுல லைட்டு வந்துச்சு, வெளிய யாரோ வெடி போட்டாங்க, அதுக்கு அவரு நடுங்குன நடுக்கம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மொதல்ல காய்ச்சலான்னுதான் கேட்டாங்க, அந்த நேரத்துல வேற என்ன கேப்பாங்க. அப்பறம் ஒரு சின்னப் பையன் டாக்டர் வந்து கேட்ட மொதல் கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சாரு?" எனக்கு தெரியாது. கணக்கு போட்டுப் பாத்தா அவரு வாங்கி வெச்சது முடிஞ்சு மூணு நாள் ஆயிருக்கணும். அந்த டாக்டர் சொன்னதும் அதுக்கப்பறம் நான் படிச்சதும் சேத்து சொல்றேன். வருசக்கணக்கா தினமும் குடிக்கறவங்க மூளை, மூட்டைய முதுகுல வெச்சு பழகுன ஆளு மாதிரி. சாராயம் மூளைய மந்தமாக்கும், அத சமாளிக்க மூளை எந்நேரமும் எதிர்ப்பக்கம் தள்ளிட்டே இருக்கும். திடீர்னு மூட்டைய எடுத்துட்டா தள்ளுன வேகத்துலயே குப்புற விழும். மொதல் நாள்லயே நடுக்கம், வேர்வை, படபடப்பு. ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும். ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்கு புத்தி தடுமாறி இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும், சிலரு தினமும் செய்யற வேலைய காத்துல செய்வாங்க, டெய்லர் தைப்பாரு, டிரைவர் வண்டி ஓட்டுவாரு. இருட்டுல இது இன்னும் மோசமாகும். வைத்தியம் பாக்காட்டி உசுருக்கே ஆபத்து. குடிச்சுத்தான் சாவாங்கன்னு நமக்குத் தெரியும், குடிய டக்குனு நிறுத்தியும் சாவாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். மயக்கம் தர்ற மாத்திரைய கூட்டிக் குறைச்சு குடுக்கறாங்க, தயமின்னு ஒரு வைட்டமின ஊசில போடறாங்க. குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி தயமின் போயிரணுமாம், இல்லாட்டி மூளைக்கு வேற சிக்கல் வரும்.

பக்கத்து மாநிலம் கேரளால இதுக்கு ஒரு வழி யோசிச்சாங்க, நடந்தது என்னமோ கூத்துதான். குடி கிடைக்காம தற்கொலை நியூஸா வர, மார்ச் 30ஆம் தேதி டாக்டர் சீட்டு இருந்தா சரக்கு குடுக்கலாம்னு அரசாங்கம் ஆர்டர் போட்டுச்சு. டாக்டருங்க சங்கம் கொதிச்சுருச்சு, சாராயத்த மருந்துச் சீட்டுல எழுத மாட்டோம்னு. ஏப்ரல் 2ஆம் தேதி ஹைகோர்ட் தடை போட்டுருச்சு. டாக்டருங்க சொன்னதுதான் சரி, வைத்தியம்னா அது மாத்திரையும் ஆஸ்பத்திரியும்தான். ஆனா ஆஸ்பத்திரிக்கு எத்தன பேரு போறாங்க? 2019ல எய்ம்ஸ்காரங்க எடுத்த தேசிய சர்வேல இந்தியால 16 கோடி பேரு குடிக்கறாங்க, அதுல 5.7 கோடி பேருக்கு உதவி தேவைன்னு வந்துச்சு, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு வைத்தியம் கிடைக்குதாம். மிச்ச 37 பேர் என்ன பண்ணுவாங்க. நம்ம புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்துல ஷேவிங் லோஷன குளிர்பானத்துல கலந்து குடிச்சு மீனவங்க செத்தாங்க, அது ஏப்ரல் மாசம். ஜூலை கடைசில ஆந்திரா பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுல சானிடைசர குடிச்சு பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. எங்க குரூப்ல அந்த நியூஸுக்கும் சிரிப்பு பொம்மை வந்துச்சு. நான் போடல. போடாததத் தவிர வேற எதுவும் பண்ணவும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரில இருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழில ரெண்டு எடத்துல போலீஸ் நிறுத்துச்சு. வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு, கடைசி குவார்ட்டர்ல மிச்சம் இருந்தத எடுத்து ஊத்தி குடிச்சேன். இதப் படிக்கறவங்களுக்கு அசிங்கமா இருக்கலாம், எனக்கும்தான். ஆனா அந்த நேரத்துல மனசுல ஓடுனது ஒண்ணே ஒண்ணுதான், நான் அவரு மாதிரி இல்ல. அவரு குடிகாரர். நான் தூக்கம் வராம ஒரு மடக்கு குடிக்கற ஆளு.

அதுக்கப்பறம் பிளாக்ல வாங்குனேன். 130, 140 ரூவா சரக்கு 500 ரூவா. பாதி சம்பளத்துல. ஒரு பையன் சைக்கிள்ல காய்கறிப் பைல கொண்டாந்து குடுப்பான், கீரைக்கட்டு மேல இருக்கும். கீரைய நான் சமைச்சதே இல்ல.

இந்தப் பக்கம் மாமா கதை. முதல் பத்து நாள் மனுசன் கூண்டுக்குள்ள விட்ட புலி மாதிரி தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்காரு. கை நடுக்கம் கொஞ்சம், தூக்கமில்லாம கொஞ்சம், அதோட சரியாயிருச்சு, அவரு ஒரு நாளும் பகல்ல குடிக்கற ஆளில்ல, அதனால தப்பிச்சாருன்னு நெனக்கறேன். அவரு செட்டுல ஒருத்தரு எங்கிருந்தோ ரெண்டு ஃபுல்லு ஏற்பாடு பண்ணி ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக் குடுத்து, வீடியோ கால்ல சேந்து குடிக்கலாம்னு பிளான் போட்டிருக்காங்க. ஆறு பேரும் மொட்டை மாடில ஆளுக்கொரு போன வெச்சுட்டு. மாமா ரெண்டாவது ரவுண்டு ஊத்தவே இல்லியாம். "போன்ல குடிச்சா கசாயம் குடிக்கற மாதிரி இருக்குதுடா மாப்ள"ன்னு பின்னாடி என்கிட்ட சொன்னாரு. அவ்ளோதான், மிச்சத்த அக்கா பாத்ரூம் கழுவ ஊத்திருச்சு. அப்பறம் சாயங்காலமானா பசங்களோட தாயம், பக்கத்து சாளைல, அதான் தோட்டத்து வீட்டுல, இருக்கற பெரியவங்களோட சத்தம் போட்டு அரசியல், ராத்திரி எட்டு மணிக்கு தூக்கம். ஏப்ரல் கடைசில அஞ்சு கிலோ ஏறிட்டாரு. அக்கா வாழ்க்கைல அந்த நாப்பது நாள்தான் நிம்மதின்னு இன்னைக்கும் சொல்லும்.

மே 7ஆம் தேதி கடைய திறந்தாங்க, சென்னைய விட்டுட்டு. திருப்பூர்ல ஒரு விசேஷம், குடை இருந்தாத்தான் சரக்கு. குடைய விரிச்சுட்டு நின்னா தானா இடைவெளி வந்துரும்னு கலெக்டர் போட்ட கண்டிஷன். வயசு வாரியா நேரம் வேற, 40 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு சாயங்காலம் 3ல இருந்து 5. எனக்கு அப்ப 36. வீட்டுல இருந்தது பாப்பாவோட குடைதான், ரோஸ் கலர்ல பூனை போட்டது. அத விரிச்சுட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன்.

அந்த லைன்ல நின்னப்போ ஒண்ணு நடந்துச்சு. முன்னாடி நின்ன ஆளு என் குடையப் பாத்து சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், எந்த ஊரு எந்த கம்பெனின்னு பேச ஆரம்பிச்சோம். நானு. ஊமக்கோட்டான். வாய் ஓயாம பேசிட்டே இருந்தேன், ஆர்டர் கேன்சல், கோபி, பாப்பாவுக்கு பல்லு விழுந்தது, எல்லாம். ஆறு வாரமா ஒரு மனுசன் மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை பேசலன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. எனக்கு கூட்டம் வேண்டாம்னுதான் இத்தன வருசம் நெனச்சுட்டு இருந்தேன், கூட்டம் வேண்டாம்தான், ஆனா தினமும் காலைல டீக்கடைக்காரர் "சக்கரை கம்மிதானே"ன்னு கேக்கறதும், செக்கிங் அக்கா "இந்த பீஸ பாருங்க சார்"னு மூஞ்சிக்கு நேரா நீட்டறதும், பஸ்ல பக்கத்து ஆளு தோள்ல தூங்கி விழறதும் எல்லாம் சேந்துதான் என்னய ஒரு அளவுல வெச்சிருந்துச்சு போல. நான் பேசாட்டியும் என்கிட்ட பேசறவங்க இருந்தாங்க. பேசற ஆளுக்கு லாக்டவுன்ல போன் இருந்துச்சு. நாப்பது பேருக்கு போன் போடுவாரு மாமா. நான் யாருக்கும் போட மாட்டேன், எனக்கும் யாரும் போட மாட்டாங்க, ஏன்னா அவன் அப்படித்தான்.

முதல் நாள் மட்டும் கிட்டத்தட்ட 170 கோடிக்கு வித்துச்சுன்னு பேப்பர்ல போட்டாங்க. மறுநாளே ஹைகோர்ட் மூடச் சொல்லிருச்சு, சுப்ரீம் கோர்ட் போயி தடை வாங்கி 16ஆம் தேதி திரும்ப திறந்தாங்க. இந்த தடவ டோக்கன், ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 500, நாளுக்கு ஒரு கலர். அன்னைக்கு லைன்ல எனக்கு ஏழெட்டு ஆளுக்கு முன்னாடி மாஸ்டர் நின்னாரு. ஆஸ்பத்திரில இருந்து வந்து மாசம் ஆகிருச்சு, மெலிஞ்சு போயிருந்தாரு. திரும்பி என்னயப் பாத்தாரு. கருப்புக் குடைய மூஞ்சி தெரியாத அளவுக்கு கீழ இறக்கிட்டாரு. நானும் பூனைக் குடைய இறக்கிட்டேன். ஜூன்ல அவரு வீட்டைக் காலி பண்ணிட்டு போயிட்டாரு, எந்த ஊருன்னு நான் கேட்டு வெச்சுக்கல.

ஜூன் 1ஆம் தேதி மண்டலம் மண்டலமா பிரிச்சு பஸ் விட்டாங்க, ஈரோடும் திருப்பூரும் ஒரே மண்டலம், இ-பாஸ் வேண்டாம். ரெண்டு நாள்ல வீட்டுக்காரம்மா வந்துட்டா. நான் பாட்டிலயெல்லாம் சாம்பிள் பெட்டிக்குள்ள வெச்சு டேப் போட்டு ஒட்டி, பரண்ல ஏத்தி வெச்சிருந்தேன். பேக்கிங்ல நான் கெட்டிக்காரன். பாப்பா பழைய சாம்பிள் டிஷர்ட் வேணும்னு கேட்டு அவ அந்தப் பெட்டிய இறக்கிட்டா. 41. எண்ணுனது அவதான், தரைல வரிசையா நிக்க வெச்சு. சத்தம் போடுவான்னு நெனச்சேன், போடல. ரொம்ப நேரம் கழிச்சு, "நீங்க பேசாம இருந்தா நல்லா இருக்கீங்கன்னுதான் நான் நெனச்சுக்குவேன், எப்பவும் அப்படித்தான இருப்பீங்க, எனக்கெப்படித் தெரியும்"னா. அழுதுட்டே பெட்டிய திரும்ப டேப் போட்டு ஒட்டுனா. ஏன் ஒட்டுனான்னு அவளுக்கும் தெரியல.

அவ தம்பி ஒருத்தன் மெடிக்கல் ரெப்பு, அவன் மூலமா கோயமுத்தூர்ல ஒரு மனநல டாக்டர் அம்மாவப் பாத்தோம், மொதல் தடவ வீடியோல, அப்பறம் நேர்ல. அவங்க ஒரு ஃபாரம் குடுத்தாங்க, 10 கேள்வி, உலக சுகாதார நிறுவனம் தயார் பண்ணது, பேரு ஆடிட். எனக்கு சிரிப்பு வந்துருச்சு. திருப்பூர்க்காரன்கிட்ட ஆடிட்னு சொன்னா என்ன ஞாபகம் வரும், பையர் ஆளு வர்றதுக்கு மொத நாளு ஃபயர் பக்கெட்டுக்கு பெயிண்ட் அடிச்சு மாஸ்க்க எல்லார் மூஞ்சிலயும் மாட்டி விடறதுதான். இதுல பெயிண்ட் அடிக்க முடியல. 8ஓ அதுக்கு மேலயோ வந்தா யோசிக்கணும்னாங்க. எத்தன நாளைக்கு ஒரு தடவ குடிக்கறீங்க, 4 மார்க். ஒரு தடவைக்கு எத்தன அளவு? நான் ஒரு குவார்ட்டர்தான், ஒண்ணுன்னேன். அவங்க கால்குலேட்டர எடுத்தாங்க. 180 மில்லி, 42.8 சதவீதம், அதுல சுத்தமான சாராயம் 60 கிராம். நம்ம நாட்டுக் கணக்குல ஒரு அளவுன்னா 10 கிராம். ஆக ஆறு. அந்த ஆறுக்கு 2 மார்க், ஆறும் அதுக்கு மேலயும் தினமும்னா இன்னொரு 4. மூணாவது கேள்வி முடியறதுக்குள்ள 10 வந்துருச்சு. இன்னும் ஏழு கேள்வி பாக்கி.

"நான் யாரோடவும் சேந்து குடிக்கறதில்லீங்க டாக்டர்"னு பெருமையா சொன்னேன், நல்ல பையன்னு சொல்லுவாங்கன்னு. அவங்க பேனாவ வெச்சுட்டாங்க. "அதுதான் எனக்குக் கவலை"ன்னாங்க.

அவங்க சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். லின் கூப்பர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1994லயே குடிக்கற காரணத்த நாலா பிரிச்சிருக்காங்க. கூட்டாளிகளோட சந்தோசமா இருக்க, போதையோட சுகத்துக்கு, கூட இருக்கறவங்க கட்டாயத்துக்கு, அப்பறம் மனசுல இருக்கற பாரத்த தாங்கறதுக்கு. இதுல நாலாவதுதான் சிக்கலோட ரொம்ப ஒட்டிப் போகுதாம். எந்த ஆளுக்கு எந்த காரணம்ங்கறதுல சுபாவத்துக்கும் பங்கு இருக்கு, எதுக்கும் பயப்படறவங்க, நெஞ்சு படபடப்பையே பெரிய நோயா நெனச்சு நடுங்கறவங்க, இனி ஒண்ணும் நல்லா நடக்காதுன்னு உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டவங்க நாலாவது பக்கம் சாயறது ஜாஸ்தி. பேசறவனா பேசாதவனாங்கறத விட இது முக்கியம்னாங்க. நான் ஊருக்குள்ள அமைதியான ஆளுன்னு பேரு வாங்குனது பாதி பயம்தான்னு அந்தம்மா முன்னாடி உக்காந்திருந்தப்போதான் புரிஞ்சுது. எனக்கும் மாமாவுக்கும் பாட்டில் ஒண்ணுதான். அவருக்கு அது அந்த ஆறு பேரு டேபிளுக்கு நுழையற டிக்கெட்டு, டேபிள எடுத்துட்டா டிக்கெட்டுக்கு மதிப்பில்ல. எனக்கு அதுதான் டேபிளு, அதுதான் ஆறு பேரும்.

இதுக்காக மாமாவ உத்தமர்னு சொல்ல வரல. 16ஆம் தேதி டோக்கன் குடுத்ததும் அவரு செட்டு தோட்டத்துல ஒண்ணு கூடிருச்சு, பழையபடி ஆறு நாள். போன வருசம் லிவர்ல கொழுப்புன்னு சொல்லியிருக்காங்க, அக்கா சண்டை தொடருது. ஜாலிக்கு குடிச்சா லிவருக்குத் தெரியவா போகுது.

எனக்கு டக்குனு நிறுத்தச் சொல்லல. ஒரு வாரம் மாத்திரை, தினம் குறைச்சு குறைச்சு, கூட தயமின். ரெண்டு மாசப் பழக்கம்ங்கறதால சுலபம்னாங்க, எனக்கு சுலபமா இல்ல. நாலு நாள் கை நடுக்கத்துல டீ டம்ளர ரெண்டு கையால பிடிச்சேன், அப்பெல்லாம் மாஸ்டர் தரையத் தேய்ச்சது ஞாபகம் வரும். அதுக்கப்பறம் ரெண்டு தடவ வழுக்கிருச்சு, ஒண்ணு அக்டோபர்ல, ஒண்ணு டிசம்பர்ல கம்பெனி போனஸ் குறைச்ச அன்னைக்கு. மறைக்கல, அன்னைக்கே வீட்டுல சொல்லிட்டேன். சொல்றது குடிக்காம இருக்கறத விட கஷ்டமா இருந்துச்சு.

2021 மே மாசம் ரெண்டாவது அலை, 10ஆம் தேதில இருந்து மறுபடியும் எல்லாம் மூடல். இந்த தடவ அவளும் பாப்பாவும் என் கூடத்தான் இருந்தாங்க, ஆனா எங்க மூணு பேருக்கும் காய்ச்சல், எனக்குத்தான் லேசு, தனி ரூம்ல 14 நாள். முதல் நாள் ராத்திரி 9.10க்கு போன் அடிச்சுது. மாமா. எதுக்கு அந்த நேரம்னு நான் கேக்கல, அவரும் சொல்லல, அக்காகிட்ட அவ சொல்லியிருக்கணும். நூல் விலை ஏறுனது, பாவு ஓட்ட ஆளில்லாதது, பக்கத்து தோட்டத்து நாயி குட்டி போட்டது, நாப்பது நிமிசம். நான் ம், ம்னுட்டு இருந்தேன். "நீ பேசாட்டி போறடா, போன மட்டும் வெச்சுராத"ன்னாரு.

பதினாலு நாளும் வந்துச்சு. அப்பறமும் நிக்கல. இப்பவும் வாரத்துல நாலு நாளாவது 9.10க்கு வரும், சில நாள் அவரு அந்த டேபிள்ல உக்காந்துட்டே பேசுவாரு, பின்னாடி அஞ்சு பேரு கத்தறது கேக்கும், ஆம்லெட்டுக்கு யாரோ மிளகு தூள் கேப்பாங்க. நேத்து நான் ஸ்பீக்கர்ல போட்டுட்டு பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். தண்ணிச் சத்தம் நின்னதும் அந்தப் பக்கம் பேச்சும் நின்னுச்சு.

"மாப்ள, இருக்கறயா?"

"இருக்கறனுங்க மாமா."

"செரி, அப்பறம் அந்த ஈபிக்காரன் என்ன சொன்னான்னா..."